உன் அப்பாவின் ரேடியோ டிரான்சிஸ்டர்கள்

சத்துவாச்சாரி, வேலூர்
மே 17

அன்புள்ள நண்பா,

ஏப்ரல் தொடக்கத்திற்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதாதது என் தவறுதான். வீட்டில் அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன் அப்பாவின் பழைய ரேடியோவிலிருந்து நீ கழற்றித் தந்த இரண்டு ஏசி128 டிரான்சிஸ்டர்களும் கெட்டுவிட்டன என்று சென்ற கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? அந்த வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். அவை நன்றாக இருக்கின்றன.

விடியற்காலையில் வாசித்தால், அவற்றை வைத்துக் கட்டிய நம் ஃபஸ் பெடல் (கிட்டார் ஓசையைக் கரகரப்பாக்கும் பெட்டி) தேன்கூட்டைக் கலைத்தது போல ஓங்கி ஒலித்து நெடுநேரம் நிற்கும். மதியம் இரண்டு மணிக்கு அதே தந்தியை மீட்டினால் ஓசை விக்கி விக்கி வந்து, சுரம் முடியும் முன்பே அறுந்துவிடும். ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்து எல்லா இணைப்புகளையும் இரண்டு முறை உருக்கிப் புதிதாக வைத்தேன். கெப்பாசிட்டரையும் பேட்டரியையும் மாற்றினேன். பலனில்லை. ஒருநாள் காலையிலும் மதியத்திலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது: இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் என்ற காலில், கழித்தல் குறியை விட்டுவிட்டுச் சொன்னால், காலையில் 4.5 வோல்ட், மதியம் 6.8.

உடனே ஒரு பனிக்கட்டியை பிளாஸ்டிக் உறையில் சுற்றி முதல் டிரான்சிஸ்டரின் உலோக மூடிமேல் வைத்தேன். மீட்டரின் எண் 6.8, 6.5, 6.1 என்று என் கண்முன்னே இறங்கியது. பனிக்கட்டியை எடுத்ததும் மீண்டும் ஏறியது. நீ அருகில் இருந்திருந்தால் உன்னைக் கட்டிப்பிடித்திருப்பேன்.

இந்த டிரான்சிஸ்டர்கள் ஜெர்மானியத்தால் ஆனவை; அதன் இயல்பு அது. சூடு ஏறத்தாழ 10 டிகிரி கூடினால் அதன் கசிவு மின்னோட்டம் (அடைத்திருக்கும்போதும் கசியும் மின்சாரம்) இரு மடங்காகிறது. முதல் டிரான்சிஸ்டரில் அந்தக் கசிவு பெருகினால் இரண்டாவதில் ஓடும் மின்னோட்டம் சுருங்கி, கலெக்டர் வோல்டேஜ் பேட்டரியின் 9 வோல்ட்டை நோக்கி நகர்கிறது. அலை மேலும் கீழும் ஆட இடமில்லாமல் ஒருபக்கம் முட்டிக்கொள்கிறது. நம் பெடலுக்கு மூலமான, கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசித்த ஃபஸ் ஃபேஸ் பெடல் 1966இல் லண்டனில் வந்தது. அந்தக் குளிரூரில் பிறந்த சுற்றை அக்னி நட்சத்திரத்தில், ஓட்டுக்கூரையின்கீழ் 39 டிகிரியில் வைத்துவிட்டு, உன் அப்பாவின் டிரான்சிஸ்டர்களைக் குறை சொல்லியிருக்கிறேன். அது எவ்வளவு பெரிய அநியாயம்!

சிலிக்கானுக்கு மாறிவிடு என்று கடைக்காரர் சொன்னார். சிலிக்கானில் கசிவு இங்கே பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுதான், ஆனால் கிட்டாரின் வால்யூமைக் குறைத்ததும் தெளிந்து வரும் அந்த மென்மையை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே அந்தக் கலெக்டரில் இருந்த 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, திருப்பி அளவை மாற்றக்கூடிய 20 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்றைப் பொருத்தினேன். மதியத்தில் அதை 17 கிலோ ஓம் அருகே திருப்பியபோது கலெக்டர் மீண்டும் 4.5க்கு வந்தது, விக்கலும் நின்றது. ஆனால் மறுநாள் விடியலில் அதே இடத்தில் ஓசை முற்றிலும் நசுங்கிவிட்டது. எனவே உள்ளே மறைத்து வைக்காமல், பெட்டியின் வெளியே மூன்றாவது குமிழாகவே அதை வைத்துவிட்டேன். இனி வேளைக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் குன்னூருக்கு வரும் உன் மைத்துனரிடம் பெடலைக் கொடுத்தனுப்புகிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே: இவை பிஎன்பி வகை என்பதால் பேட்டரியின் நேர்முனைதான் கிரவுண்டில் இருக்கிறது. உன் மற்ற பெடல்களுக்கான அடாப்டரை இதனுடன் சேர்த்து இணைத்தால் ஷார்ட் ஆகிவிடும், பேட்டரியிலேயே ஓட்டு. அப்பாவையும் அருகில் உட்காரவைத்து வாசித்துக் காட்டு. அங்குள்ள குளிரில் காலை ஆறு மணிக்குக் குமிழை எங்கே வைத்தால் 4.5 வருகிறது என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்