ஜூன் இதழுக்குப் பிறகு

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். வாய்க்காலில் ஆழியாற்றுத் தண்ணீர் வந்து நடவும் முடிந்தது. அம்மாவின் முழங்கால் பழையபடிதான்.

அப்புறம், ஜூன் இதழுக்குப் பிறகு உன் பத்திரிகை இங்கே வரவில்லை. தபாலில் தவறியிருக்கும். வாசகசாலையில் "மாஷே, மகளோட விமானப் புத்தகம் எங்கே?" என்று கேட்கிறார்கள். தபால் சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். தபால்காரர் அங்கேயேதான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவில்லை. நல்ல மனுஷன்.

நீ எழுதிய மதராஸ் கட்டுரை அங்கே கிழியக் கிழியக் கைமாறுகிறது. 1911 பிப்ரவரி 18-ல் ஹென்றி பெக்கே அலகாபாத்திலிருந்து 6,500 கடிதங்களோடு யமுனையைத் தாண்டி நைனிக்குப் பறந்ததை நானே பள்ளிக்கூடத்தில் பாடமாக நடத்தியிருக்கிறேன். அதற்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் முன்பே, 1910 மார்ச்சில், மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்ற கார்சிகாக்காரர் பல்லாவரத்தில் பறந்தார் என்பது நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். விமானத்தைச் செய்து கொடுத்தது சிம்ப்சன், கோச்சு வண்டி கட்டிப் பேர் வாங்கிய கம்பெனி! அந்த மாதமே லண்டன் 'ஃபிளைட்' பத்திரிகையில் நாலு வரிச் செய்தி வந்திருக்காவிட்டால் இதை இன்று யார் நம்புவார்கள்? உன் தொழிலை யாராவது இளக்காரமாகப் பேசினால் இதைத்தான் சொல்கிறேன்.

ஒரு குறை உண்டு. 1932 டாடா விமானத் தபால் கட்டுரையில், அகமதாபாத்தில் மாட்டு வண்டியில் பெட்ரோல் வந்ததற்கு அரைப் பக்கம் கொடுத்தாய். நெவில் வின்சென்ட்டுக்கு ஒரே வரி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய் வரைதான் ஓட்டினார். அங்கிருந்து பெல்லாரி வழியாக மதராஸுக்குத் தபாலைக் கொண்டு சேர்த்தவர் வின்சென்ட். பாதி வழி ஓட்டியவருக்குப் பாதிப் பக்கமாவது வேண்டாமா?

உன் குறிப்புகளை ஆபீசில் வைக்காதே. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எடுத்த நகல், நோட்டு எல்லாம் வீட்டில் இருக்கட்டும். ஆபீஸ் இன்று ஒரு இடம், நாளை வேறு இடம். அச்சான கட்டுரை பத்திரிகைக்குச் சொந்தமாக இருக்கலாம். தேடிய குறிப்பு உன்னுடையது.

தேங்காய்க்கு இந்த வருஷம் நல்ல விலை. சும்மா செய்திக்காகச் சொல்கிறேன். மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. உன் மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தியிருக்கிறேன். ஒரு வருஷம் உட்கார்ந்து புத்தகமாகவே எழுதுகிறவர்களுக்கு அது வசதியான அறை.

பேங்க் பரீட்சை எழுது என்றபோது நீ கேட்டாயா? சரி, அதை விடு, அதை இப்போது எதற்கு. போன் செய்தால் "ஆபீஸ்ல இருக்கேன்ப்பா" என்கிறாய், பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது. நான் கவனிக்கவில்லை, அம்மாதான் சொன்னாள். இப்போதெல்லாம் ஆபீசிலேயே சமைக்கிறார்களாம் என்று அவளிடம் சொல்லி வைத்தேன். நேரத்துக்குச் சாப்பிடு.

குறிப்புகளை வீட்டுக்கு எடுத்து வந்துவிடு. முன்பே எழுதினேன், இருந்தாலும் சொல்கிறேன்.

சின்ன மாமா மகன் அடுத்த மாதம் கேரளா எக்ஸ்பிரஸில் டெல்லி வருகிறான். பருப்புப் பொடியும் முறுக்கும் கொடுத்தனுப்புகிறேன். அவனைப் பகலில் எங்கே வரச் சொல்லட்டும், ஆபீசுக்கா வீட்டுக்கா? அதை மட்டுமாவது எழுது.

அப்பா