சாகா ஓடுகிறது, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் நலம். புலனத்தில் நீ அனுப்புவதெல்லாம் வருகிறது. பூப்படம், கும்பிடு, ‘ஓகேப்பா’. எனக்கு அந்தச் சின்னக் கண்ணாடியில் இவ்வளவையும் தட்டப் பொறுமையில்லை, அதனால் தாளில் எழுதித் தம்பியிடம் கொடுக்கிறேன், படம் பிடித்து அனுப்புவான். அவன் படித்துவிடுவான் என்று கவலைப்படாதே. என் கையெழுத்து அவனுக்கு என்றைக்குப் புரிந்தது?

நம் பழைய காடியை, அந்தப் புரோட்டான் சாகா காரைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

ஆமாம், சித்தப்பா வீட்டிலிருந்துதான். நானே போனேன். பாட்டி காரியத்தன்று பேசியதை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. புக்கிட் மெர்தாஜாம் வீட்டை விற்கிறார்கள், பின்னால் இருக்கிற கொட்டகையை இடிக்கப்போகிறார்கள், பழைய இரும்புக்காரன் வந்து விலை பேசிவிட்டுப் போனான் என்று சித்திதான் அம்மாவுக்குப் போன் செய்தாள். எடைக்குப் போட இருந்தார்கள் பாப்பா. உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு ஏற்றிவந்த காடியை! முதன்முதலில் செய்த சாகாவைக் கோலாலம்பூர் மூசியம் நெகாராவில், அதான் தேசிய அருங்காட்சியகத்தில், வைத்திருக்கிறார்கள், நம்முடையது தராசில் ஏற வேண்டுமா? விடிந்ததும் பசியாறாமலேயே பினாங்குப் பாலத்தைத் தாண்டிவிட்டேன்.

நான்கு டயரும் தரையோடு தரை. கூரையில் ரம்புத்தான் இலை மக்கிப்போய் அதில் புல் முளைத்திருந்தது. பானெட்டைத் திறந்தால் ஏர் கிளீனருக்குள் எலிக்கூடு, ஒயரெல்லாம் கடிபட்டுக் கிடந்தது. முன்கண்ணாடியில் 2009ஆம் வருஷத்துச் சாலைவரி வில்லை. ஓட்டுகிறவர் பக்கம் கார்ப்பெட்டைத் தூக்கினால் மண் தெரிகிறது, அவ்வளவு துரு. இடது பின்கதவில் லைசென்ஸ் எடுத்த வாரமே நீ வாசல் கேட் தூணில் உரசிய கோடு மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு ஏன் துரு பிடிக்கவில்லை என்று தெரியவில்லை, அப்போது நான் பூசிய சாயமாக இருக்கலாம்.

சித்தப்பா, “பேட்டரி ஒன்று கொண்டுவரட்டுமாண்ணே, சாவி போட்டுப் பார்ப்போம்” என்றான். தொடாதே என்றேன். இத்தனை வருஷம் நின்ற இன்ஜினை எடுத்த எடுப்பில் சுற்றக் கூடாது. உள்ளே எண்ணெய் எல்லாம் வடிந்து சிலிண்டர் காய்ந்திருக்கும், ரிங் ஒட்டியிருக்கும், சுற்றினால் கீறிவிடும். இதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தால் காடி கொட்டகைக்கே போயிருக்காது. சரி, விடு.

இழுவை லாரியில் ஏற்றி நம் ஜெலுத்தோங் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். நான் லாரிக்குப் பின்னாலேயே வந்தேன். பினாங்குப் பாலம் திறந்தது 1985, சாகா வெளிவந்ததும் அதே 1985. நாங்கள் வாங்கியது அடுத்த வருஷம். அதுவரை ஃபெர்ரிக்கு வரிசை பிடித்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். புதுப் பாலத்தில் புதுக்காடியில் அம்மாவை உட்காரவைத்து ஓட்டிய நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. டோல் கொடுக்கும்போது கூட கை நடுங்கியது. அம்மாவைக் கேட்டால் பயத்தில் நடுங்கியது என்பாள்.

பட்டறை முதலாளி தவுக்கேக்கும் வயதாகிவிட்டது, இப்போது மகன்தான் பட்டறையைப் பார்க்கிறான். ஆனால் சாகா வந்திருக்கிறது என்றதும் அவரே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பிளக் நான்கையும் கழற்றி, ஓட்டை வழியாக எண்ணெய் ஊற்றி ஊறவைத்தோம். பிறகு இன்ஜினைச் சுற்றுகிற கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் திருப்பிப் பார்த்தால் அசையவில்லை. மகன் நீளமான குழாயை மாட்டி அழுத்தலாம் என்றான், தவுக்கே அவன் கையைத் தட்டிவிட்டார். மறுபடியும் எண்ணெய், மறுபடியும் காத்திருப்பு. ஒரு சாயங்காலம் நான்தான் பிடித்திருந்தேன், ஸ்பேனர் கொஞ்சம் இளகிற்று. ஒரு கால் சுற்றுக்கும் குறைவு. தவுக்கே என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

கார்புரேட்டர் பெரிய வேலை. மூடியைத் திறந்தால் பழைய பெட்ரோல் காய்ந்து பழுப்பாக, வார்னிஷ் மாதிரி அடியில் ஒட்டிக் கிடக்கிறது. அந்த நாற்றம் இரண்டு சட்டை துவைத்தும் போகவில்லை என்று அம்மா இன்னும் திட்டுகிறாள். ஜெட் என்று பித்தளையில் சின்னதாக இருக்கும், நடுவில் ஊசித்துளை. அடைத்திருந்தால் கம்பி விட்டுக் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிட்டால் பெட்ரோலைக் குடித்துத் தீர்த்துவிடும். மருந்தில் ஊறப்போட்டுக் காற்றடித்துத்தான் எடுக்க வேண்டும். தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன், துளை வட்டமாகத் தெரிந்தது. இந்த வயதில் கண்ணாடி இல்லாமல் தெரிந்தது என்று எழுதினால் நம்பமாட்டாய், கண்ணாடி போட்டுக்கொண்டுதான்.

நீ உன் காடியை அங்கே ஒழுங்காகப் பார்க்கிறாயா? பிரேக் எண்ணெயை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல். அது ஈரத்தை இழுக்கும். சாகாவுக்குப் பின் டிரம் இரண்டும் இறுகிப்போனதற்கு அதுதான் காரணம். டயர் ஓரத்தில் நான்கு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். பார்த்துக்கொள். போன தடவை பேசும்போது டிராமில் வேலைக்குப் போவதாகச் சொன்னாய். மெல்பர்னில் பார்க்கிங் கிடைப்பது கஷ்டம், அதனால்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். வீடியோவில் உன் பின்னால் சுவர் வேறு நிறமாகத் தெரிந்ததாம் அவளுக்கு. விளக்கு அப்படி இருக்கும் என்றேன். நேரத்துக்குச் சாப்பிடு.

பெரியத்தை மகளுக்கு நிச்சயமாகிவிட்டது, பட்டர்வொர்த் பையன். அது இருக்கட்டும்.

சாமான் கிடைக்குமா என்று பயந்தேன். கிடைக்கிறது. 1992இல் இஸ்வாரா என்ற காடி வந்தது, சாகா குடும்பம்தான், 2008 வரைக்கும் செய்துகொண்டிருந்தார்கள். டைமிங் பெல்ட் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே தவுக்கே விடவில்லை. ரப்பர் ஓடாமல் நின்றாலும் கெடும், நடுச் சடக்கில் அறுந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான் என்றார். பெட்ரோல் டாங்கியை இறக்கிக் கழுவினோம், பிரேக் ரப்பர் எல்லாம் புதிது, தரைத் தகடு வெட்டி ஒட்டியாகிவிட்டது. செலவு எவ்வளவு என்று கேட்காதே, அம்மாவிடமும் கேட்காதே, அவளுக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

ஸ்டார்ட் ஆனபோது பட்டறை முழுக்கப் புகை. பக்கத்துக் கோப்பிக் கடைக்காரன் ஓடிவந்துவிட்டான். ஊற்றிய எண்ணெய் எரிந்து தீர்ந்ததும் சீராகிவிட்டது. போனைப் பிடித்துக்கொண்டு உன்னைக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருந்திருப்பாய். நம் குடும்பத்தில் கணக்காளர் என்று பெயர்ப்பலகை வைக்கத் தகுதியுள்ள முதல் ஆள் நீ, அதைப் பட்டறையில் எல்லாரிடமும் சொன்னேன். அப்படிப்பட்டவளுக்கு ஐந்து நிமிஷம் கிடைக்காதா? தீபாவளிக்கு வருவேன் என்றாய், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருவேன் என்றாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். சம்பந்தி வீட்டுக்கும் நான் போன் செய்யவில்லை, அம்மாவையும் செய்ய விடவில்லை. அம்மா எழுதச் சொன்ன கேள்விகள் நிறைய, ஒன்றையும் இதில் எழுதவில்லை.

இப்போது ஒரு காரியம் இருக்கிறது. சாகா இன்னும் என் பெயரில்தான். சாலைவரி விட்டுப்போய் வருஷக்கணக்காகிவிட்டதால் சாலைப் போக்குவரத்து இலாகா ஜேபிஜேயில் பேசி, புஸ்பாகோம் வாகனப் பரிசோதனைக்குக் காட்டி எல்லாம் முடித்தாகிவிட்டது. 1,298 சி.சி.க்கு வரி 70 வெள்ளிதான். வில்லை கூட ஒட்ட வேண்டாமாம், கைப்பேசியிலேயே இருக்கிறது. பழைய வில்லையை நான் கிழிக்கவில்லை. காடியை உன் பெயருக்கு மாற்றப்போகிறேன். அதற்கு என் கைரேகையும் வேண்டும், உன் கைரேகையும் வேண்டும். தம்பி எல்லாம் போனிலேயே செய்யலாம் என்கிறான். அவன் பேச்சை நம்பி நான் எதையும் செய்வதாக இல்லை. நீ நேரில் வந்தால்தான் ஆகும்.

மாப்பிள்ளைக்கு விடுமுறை கிடைத்தால் வரட்டும். கிடைக்காவிட்டால் அதற்காக நீ காத்திருக்காதே. வந்தால் ஒரு வாரத்தில் ஓடவும் வேண்டாம், கைரேகை வேலை எவ்வளவு நாள் இழுக்கும் என்று சொல்ல முடியாது. உன் அறையில் தம்பி வைத்திருந்த பெட்டிகளை எடுக்கச் சொல்லிவிட்டேன். பெரிய பெட்டியோடு வந்தாலும் பரவாயில்லை, சாகாவின் பின்பக்கச் சாமான் அறையில் இரண்டு வைக்கலாம், பின்சீட்டில் இன்னும் இரண்டு. சாப்பாட்டை மட்டும் விடாதே, முகம் சுண்டியிருக்கிறது.

டிக்கெட்டுக்குப் பணம் போட்டிருக்கிறேன், தம்பியிடம் கேட்காதே, உன் கணக்கைப் பார். தேதி மட்டும் எழுது, பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு நானே சாகாவில் வருகிறேன். ஏர்கண்ட் இன்னும் சரியாகவில்லை, கம்ப்ரஸருக்குச் சொல்லியிருக்கிறது. பருத்திச் சட்டையாகப் போட்டுக்கொண்டு வா.

அப்பா