புதன்கிழமை பதினொரு மணி

அன்புத் தோழிக்கு,

இங்கே எல்லாரும் நலம். முழங்கால் ஆபரேஷன் முடிந்து அம்மா நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் போட்டிருந்தாய். நிம்மதியாக இருந்தது. படி ஏறும்போது மட்டும் யாராவது கூட நில்லுங்கள். என் மாமியாருக்கு அங்கேதான் சறுக்கியது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் கேட்க முடியவில்லை, அதனால்தான் கடிதம்.

ஆகஸ்டில் இங்கே அமெரிக்காவில் பள்ளி திறந்ததும் சின்னவளின் பையில் ஒரு தாள் வந்தது. அவள் இப்போது மூன்றாம் வகுப்பு. புதன்கிழமை பதினொரு மணிக்கு, நூலக வகுப்பு நேரத்தில், விருப்பப்பட்ட பிள்ளைகளை ஒரு பஸ் வந்து பக்கத்து சபையின் ஹாலுக்குக் கூட்டிப்போகும். அங்கே வேதபாடம். முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். பெற்றோர் கையெழுத்து கட்டாயம். இது அரசுப் பள்ளி, நினைவில் வைத்துக்கொள். இந்த ஏற்பாட்டுக்கு இங்கே ‘ரிலீஸ்டு டைம்’ என்று பெயர்.

நான் யோசிக்கவே இல்லை, உடனே கையெழுத்துப் போட்டேன். எங்கள் ஊரிலிருந்து தமிழ் ஆராதனைக்குப் போக வேண்டுமென்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டும். நம் ஊரில் ஓய்வுநாள் பள்ளி, மனன வசனம், மே மாதத்தில் வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி என்று எனக்குத் தானாகக் கிடைத்ததெல்லாம் இவளுக்குக் கிடைக்கவில்லையே என்று எப்போதும் ஒரு குறை. நவம்பரில் இருபத்து மூன்றாம் சங்கீதத்தை முழுசாக ஆங்கிலத்தில் மனப்பாடமாகச் சொன்னாள். போனில் கேட்ட என் அம்மாவுக்குப் பேச்சே வரவில்லை. அந்த பஸ்ஸை ஓட்டுபவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி. எந்தப் பிள்ளைக்கு நிலக்கடலை ஆகாது என்பதுவரை அவருக்குத் தெரியும். அவர்களைப் பற்றி ஒரு குறையும் சொல்ல எனக்கு மனம் வராது.

போன வாரம் துணி துவைக்கப் போடும்போது சின்னவளின் குளிர்கோட்டுப் பையில் இரண்டு மிட்டாய், உருகி உள்துணியோடு ஒட்டிக்கிடந்தன. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். வகுப்பில் இவளுக்கு உயிர்த்தோழி ஒரு சோமாலிப் பெண். கொலம்பஸ் பக்கம் சோமாலியர் நிறைய. வேதபாடத்தில் கொடுத்த மிட்டாயை இவள் அந்தப் பிள்ளைக்காக எடுத்துவைத்துக் கொடுத்திருக்கிறாள். “அது போறவங்களுக்குக் கொடுத்தது, எனக்கு இல்லை” என்று சொல்லி அது வாங்கவில்லையாம். புதன்கிழமை மட்டும் இவளோடு சாப்பிட உட்காருவதில்லையாம். வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகள். பதினெட்டுப் பேர் பஸ் ஏறிவிடுகிறார்கள். மீதி ஐந்து பேருக்கு ஆசிரியை புதிதாக எதையும் நடத்த முடியாது, நடத்தினால் போன பிள்ளைகளுக்குத் தவறிவிடும். படம் வரை, ஏதாவது படி என்று உட்காரவைத்திருக்கிறார்கள்.

ஏட்டி, அந்த நிமிஷம் எனக்கு நீதான் நினைவுக்கு வந்தாய். பாளையங்கோட்டையில் ஸ்கிரிப்சர் பீரியடுக்கு மணி அடித்ததும் நாங்கள் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு முன் வரிசைக்கு நகர்வோம். நீயும் இன்னும் சிலரும் நோட்டைத் தூக்கிக்கொண்டு தையல் அறைக்கு, நீதிபோதனை நடக்கும் மாரல் பீரியடுக்குப் போவீர்கள். வெளியே நாங்கள் கொஞ்சப் பேர், அந்தக் கேட்டுக்குள் நாங்கள் நிறையப் பேர். எட்டு வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த முக்கால் மணி நேரம் உனக்கு எப்படி இருந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து இரவெல்லாம் இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஏற்பாடு 1914இல் இந்தியானா மாநிலத்து கேரி என்ற ஊரில் தொடங்கியது. வில்லியம் வர்ட் என்ற பள்ளிக் கண்காணிப்பாளரின் யோசனை. அப்புறம் நாடு முழுக்கப் பரவிவிட்டது. இல்லினாயில் ஷாம்பெய்ன் என்ற ஊரில் பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே வேதபாடம் நடத்தினார்கள். வாஷ்டி மெக்கல்லம் என்ற தாய் தன் மகனை அனுப்ப மறுத்தார். வகுப்பில் போகாத ஒரே பிள்ளை அவன்தான். ஒரு சமயம் அவனைத் தனியாக வராந்தாவில் மேசை போட்டு உட்காரவைத்தார்களாம். அதைப் படித்ததும் லேப்டாப்பை மூடிவிட்டேன். அந்தத் தாய் வழக்குப் போட்டு, மாநில நீதிமன்றங்களில் தோற்று, 1948இல் உச்ச நீதிமன்றத்தில் எட்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார். ஊரார் படுத்திய பாட்டில் மகனைப் பாட்டி வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

நான்கே வருஷம் கழித்து, 1952இல், நியூயார்க் வழக்கில் அதே நீதிமன்றம் வேறு தீர்ப்புச் சொன்னது. பள்ளி வளாகத்துக்கு வெளியே நடந்தால், அரசுப் பணம் செலவாகாவிட்டால், பெற்றோர் கேட்டு அனுப்பினால் தப்பில்லை என்று ஆறுக்கு மூன்று. இன்றைக்கும் அதுதான் சட்டம். மாறுபட்ட மூவரில் ஒருவர் ராபர்ட் ஜாக்சன். தேவாலயத்துக்குப் போகாத பிள்ளைக்குப் பள்ளி தற்காலிகச் சிறையாகிறது என்று எழுதினார். தன் பிள்ளைகளைச் சபைப் பள்ளிகளில் படிக்கவைத்தவர் அவர். இதை எதிர்ப்பவர்களெல்லாம் நாத்திகர்கள் என்று நினைக்காதீர்கள் என்று சொன்னார். எனக்கு அது பெரிய ஆறுதல். போன ஞாயிறு சபையில் இதைப் பேச்செடுத்தபோது, “உனக்கு விசுவாசம் குறைந்துவிட்டதா?” என்று ஒருவர் கேட்டார்.

எங்கள் ஒஹாயோ மாநிலத்தில் இப்போது இது பெரிய பேச்சு. முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜோயல் பென்டன் 2018இல் தொடங்கிய, இப்படி வேதபாடம் நடத்தும் லைஃப்வைஸ் அகாடமி என்ற அமைப்பு இங்கிருந்துதான் பல மாநிலங்களுக்குப் போயிருக்கிறது. கொலம்பஸுக்குப் பக்கத்து வெஸ்டர்வில்லில் பள்ளி வாரியம் 2024இல் இனி அனுமதி இல்லை என்று முடிவெடுத்தது. ஆனால் 2025 ஜனவரியில் ஆளுநர் டிவைன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, கேட்டால் எல்லாப் பள்ளி மாவட்டங்களும் அனுமதித்தே ஆக வேண்டும். முக்கியப் பாடங்கள் தவறக் கூடாது என்பது நிபந்தனை. ஆகவே நூலகமோ பாட்டோ ஓவியமோதான் போகும்.

நம் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவை உனக்குச் சொல்லத் தேவையில்லை. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனை கிடையாது. உதவிபெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை அதில் உட்காரவைக்கக் கூடாது. காகிதத்தில் பார்த்தால் நம் பள்ளியும் சரி, இந்தப் பள்ளியும் சரி, ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் சம்மதம் என்பது அனுப்புகிற என்னிடம்தானே கேட்கப்படுகிறது? அந்த சோமாலிப் பிள்ளை எதற்கும் சம்மதிக்கவில்லை. பதினோரு மணிக்கு அவள் வகுப்பு காலியாகிறது, அவ்வளவுதான்.

பிரான்சில் 1882இல் வந்த சட்டம் வாரத்தில் ஞாயிறு போக இன்னொரு நாளும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் விடுமுறை தந்தது. விரும்பியவர்கள் மத போதனைக்குப் போகலாம், மற்றவர்கள் விளையாடலாம். எல்லாருக்கும் மணி அடித்து விட்டுவிட்டால் யாரும் விட்டுவிடப்பட்டவர் ஆகமாட்டார்கள் இல்லையா? ஜாக்சனோடு மாறுபட்ட ஃபிராங்க்ஃபர்ட்டரும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. என் பிள்ளைக்கு வேதம் வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் இன்னொரு பிள்ளையின் ஒரு மணி நேரத்தைக் காலியாக்கி வாங்கித் தர எனக்கு மனசு கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் வேறு மாதிரி நினைக்கிறார். வீட்டிலிருந்தே சொல்லிக்கொடுப்போம் என்று நாம் மூன்று வருஷமாகச் சொல்கிறோம், செய்தோமா என்று கேட்கிறார். பதில் சொல்ல முடியவில்லை. சின்னவளும் நிறுத்த வேண்டாம் என்கிறாள், அந்த பஸ் பாட்டி மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம். ஜனவரிக்குப் பிறகும் தொடரப் புதுத் தாள் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவைத்திருக்கிறேன், இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

நீ இருபது வருஷமாக வகுப்பறையில் நிற்கிறவள். அந்த மாரல் பீரியடுக்குப் போனவளும் நீதான். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று பூசி மெழுகாமல் எழுது. தையல் அறையில் உட்கார்ந்து எங்கள் பாட்டுச் சத்தத்தைக் கேட்டபோது என்ன நினைத்தாய்? நாங்கள் திரும்பி வந்ததும் நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாய். அது எனக்கு நினைவிருக்கிறது. உடனே பேசினாயா என்பதுதான் நினைவில்லை.

வெள்ளிக்கு முன்னால் எழுது. முடியாவிட்டால் போன் செய், நம் ஊர் காலை ஏழு மணிக்கு நான் விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
உன் பெஞ்சுத் தோழி