இரண்டு நீல டிரம்கள்: நகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று உங்கள் வண்டியிலேயே தினமும் பாட்டு ஓடுவதால், நான் முதலிலிருந்து விளக்கத் தேவையில்லை. போன செவ்வாய்க்கிழமை காலையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு 71 வயது. பால் கவரின் மூலையை வெட்டினால் அந்தத் துணுக்கு தனியே விழாதபடிதான் வெட்டுவார். அப்புறம் கவரை அலசி, அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பார். காய்கறித் தோல், முட்டை ஓடெல்லாம் பச்சை வாளிக்குப் போகும். அன்றும் மூட்டுவலியோடு இரண்டு வாளிகளையும் வாசலுக்குத் தூக்கி வந்தார். இரண்டும் ஒரே டிரம்மில் கொட்டப்பட்டன. அலசிக் காயவைத்த கவர்களின் மேல் முந்தாநாள் சாம்பார்.

அம்மா எதுவும் சொல்லவில்லை. மறுநாள் எல்லாக் குப்பையையும் ஒரே பையில் கட்டி வைத்திருந்தார்.

தூய்மைப் பணியாளரைக் குறை சொல்ல மாட்டேன். "மக்காத குப்பை போடுற நீல டிரம் ரெண்டும் ஒடைஞ்சு ஆறு மாசமாச்சுங்க, நான் எதுல போட?" என்றார். அவர் கையில் உறைகூட இல்லை.

ஐயா, நாங்கள் கேட்பது இரண்டு நீல டிரம்கள். திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி வீட்டில் பிரிப்பது எங்கள் பொறுப்பு. பிரித்ததைப் பிரித்தபடியே கொண்டுபோவது உங்கள் பொறுப்பு. எங்கள் பங்கைச் செய்யாவிட்டால் அபராதம் என்று தெருமுனையில் எழுதி வைத்திருக்கிறீர்கள். உங்கள் பங்குக்கு எந்தச் சுவரில் எழுதியிருக்கிறது? கலந்து கொட்டிய குப்பை என்ன செய்யும் என்பதை 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்து காட்டியதே.

'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' என்று பிளெக்ஸில் அச்சடித்துத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். உங்கள் படமும் அதில் நன்றாகவே விழுந்திருக்கிறது. அதைக் கழற்றும்போது எந்த வாளியில் போடுவீர்கள் என்று அம்மா கேட்கிறார். அந்த பிளெக்ஸ் செலவில் எத்தனை டிரம் வாங்கியிருக்கலாம் என்று நான் கேட்கிறேன்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். எங்கள் தெரு வண்டிக்கு இரண்டு நீல டிரம்களும், அதைத் தள்ளி வருபவருக்கு ஒரு ஜோடி கையுறையும் கொடுக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவைச் சமாதானப்படுத்தி மறுபடி கவர் அலச வைத்திருக்கிறேன். ஒரு வாரக் கவர்கள் கொடியில் காய்கின்றன. டிரம் வரும் வரை அவற்றை வெளியே கொடுக்க மாட்டாராம்.

இப்படிக்கு,
உங்கள் வரிரசீதில் பெயருள்ள ஒருவன்