அடுப்படிக்கு ஒரு குழாய்: கல்யாண மண்டப உரிமையாளர்களுக்கும் சமையல் மாஸ்டர்களுக்கும் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மண்டப உரிமையாளர்களுக்கும், சமையல் ஒப்பந்தம் எடுக்கும் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

ஆடி பிறந்துவிட்டால் முகூர்த்தம் கிடையாது. சுண்ணாம்பு அடிப்பது, மோட்டார் பார்ப்பது, உடைந்த ஓட்டை மாற்றுவது எல்லாம் இந்த மாதத்தில்தான் நடக்கும். அந்தப் பட்டியலில் இன்னொரு வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். கோட்டை அடுப்பிலிருந்து 15 அடிக்குள், நிழலில் ஒரு தண்ணீர்க் குழாய் வேண்டும். அதில் எப்போதும் மாட்டியே இருக்கும் 10 மீட்டர் ஹோஸும் வேண்டும். தீக்காயத்துக்குக் கட்டுப் போடுவதையே அன்றாட வேலையாகச் செய்யும் செவிலியர்களும் மருத்துவர்களும் நாங்கள். காயம் எங்களிடம் வருவதற்குள் அதன் ஆழத்தில் பெரும்பங்கு தீர்மானமாகிவிடுகிறது. அது தீர்மானமாகும் இடம் உங்கள் சமையல் கட்டு.

மண்டபத்தில் குழாய்க்கா பஞ்சம் என்று நினைக்கலாம். பந்திக் கூடத்து வாஷ்பேசினில் கையை மட்டும்தான் நீட்ட முடியும். சாம்பார் கொட்டுவதோ தொடையில், வயிற்றில். சாதம் வடிக்க அண்டாவைச் சாய்க்கும்போது கை நழுவினால் கஞ்சி விழுவது முழங்காலுக்குக் கீழே, பாதத்தில். வடிகஞ்சியும் பாயசமும் தண்ணீர்போல வழிந்து ஓடிவிடாது. பசைபோல ஒட்டிக்கொண்டு சூட்டைத் தோலுக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். 60 டிகிரி சூட்டுத் தண்ணீரே பெரியவர் தோலை 5 வினாடியில் ஆழமாக வேகவைத்துவிடும். குழந்தையின் தோல் மெல்லியது, அவ்வளவு நேரம்கூடத் தாங்காது. அடுப்பிலிருந்து இறக்கிய சாம்பாரின் சூடு அதைவிட எவ்வளவு அதிகம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

கொட்டியதைத் துடைத்துவிட்டாலும் உள்ளே இறங்கிய சூடு அப்படியேதான் இருக்கும். அடுத்த அடுக்கையும் சுட்டுக்கொண்டிருக்கும். அதை வெளியே இழுக்க ஓடும் தண்ணீர் ஒன்றுதான் வழி. 20 நிமிடம், கடிகாரம் பார்த்து ஊற்ற வேண்டும். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் தணிந்ததும் "போதும்" என்று எழுந்துவிடுவதுதான் நாங்கள் அடிக்கடி காணும் தவறு. உடனே ஊற்றுவதுதான் நல்லது. தாமதமாகிவிட்டாலும் சுட்டு 3 மணி நேரத்துக்குள் என்றால் பலன் உண்டு.

முகூர்த்த மாதங்களுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் நண்பகலில் கொதித்துக் கிடக்கும். குழாயைத் திறந்தவுடன் காயத்தில் காட்டாதீர்கள். முதலில் உங்கள் கையில் விட்டுப் பாருங்கள்; குழாயில் நின்ற சூட்டுத் தண்ணீர் போகட்டும். தொட்டியே சுட்டால் 20 லிட்டர் குடிதண்ணீர் கேனை எடுங்கள். மக்கில் மொண்டு மெல்லிய தாரையாக, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் ஊற்றினால் ஒரு கேன் சரியாக 20 நிமிடம் வரும். தொடை, வயிறு என்றால் இரண்டு கேன் வேண்டும். அதனால்தான் புதுக் குழாயைக் கேட்கும்போதே சொல்கிறோம்: முடிந்தால் மாடித் தொட்டியிலிருந்து இழுக்காமல் தரைத்தொட்டியிலிருந்து இழுங்கள். ஐஸ்கிரீம் கவுண்டர் பக்கத்திலேயே இருக்கிறது என்று ஐஸ் கட்டி வைக்காதீர்கள். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி, தப்பிப் பிழைக்கவிருந்த தோலையும் சாகடிக்கும்.

ஒருவர் தண்ணீர் ஊற்றும்போதே இன்னொருவர் வளையல், மோதிரம், மெட்டி, கொலுசு, குழந்தையின் அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் வீக்கம் ஏறிவிடும். அப்புறம் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதற்குள் விரலுக்கு ரத்தம் போவது நின்றாலும் நிற்கும். பட்டுப்பாவாடையும் அதன் உள்துணியும் சூட்டுக் குழம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடனே அவிழ்த்துவிடுங்கள். தோலோடு ஒட்டிப்போன துணியை மட்டும் பிய்க்காமல், சுற்றிலும் கத்தரித்து அப்படியே விட்டுவிடுங்கள். குழந்தையானால் தண்ணீர் காயத்தில் மட்டும் விழட்டும். மற்ற உடம்பை உலர்ந்த வேட்டியால் போர்த்துங்கள். நடுங்கத் தொடங்கினால் தண்ணீரை நிறுத்திவிட்டு முழுதும் போர்த்துங்கள்.

அடுத்தது இட்லி மாவு. மறுநாள் டிபனுக்கு அரைத்த மாவு கைக்கெட்டும் தூரத்தில் அண்டா நிறைய இருக்கும்; யாராவது ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் அள்ளிப் பூசுகிறார். பூசியதும் குளிர்ச்சியாக இருப்பது உண்மைதான். அரை மணியில் மாவு காய்ந்து, கொப்புளத் தோலோடு சேர்ந்து பொருக்காகிவிடும். மருத்துவமனையில் அதை ஊறவைத்து எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும். குழந்தை அலறுவது அப்போதுதான். புளித்த மாவு முழுக்க உயிருள்ள நுண்ணுயிர்கள். திறந்த காயத்தில் அவற்றுக்கு என்ன வேலை? பேனா மையும் மஞ்சளும் காயத்தின் நிறத்தை மறைத்துவிடுவதால் ஆழம் எவ்வளவு என்று எங்களால் சொல்ல முடிவதில்லை. வெண்ணெயும் எண்ணெயும் சூட்டை உள்ளேயே பூட்டிவைக்கும். பற்பசை, காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

20 நிமிடம் ஆனதும் மூடுங்கள். உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருந்தால் முதல் சுற்றைக் கிழித்தெறிந்துவிட்டு, அடுத்ததை நீளவாக்கில் காயத்தின்மேல் படிய வையுங்கள். கையையோ காலையோ சுற்றி இறுக்கக் கூடாது. வீங்கினால் முறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கைக்குப் புத்தம்புதிய பிளாஸ்டிக் பை போதும். அதுவும் இல்லையென்றால் துவைத்து மடித்து வைத்த பருத்தி வேட்டி. வாழை இலையைச் சுத்தம் செய்து, நீராவியில் கிருமி நீக்கிக் கட்டுப் போடும் முறை நம் நாட்டு மருத்துவமனைகளில் உண்டு. பந்திக்கு வந்த இலை அதுவல்ல. கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

யாரை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்? அடிபட்டவரின் சொந்த உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவர் உடம்பில் சுமார் 1 சதவீதம். அந்த உள்ளங்கையை அளவுகோலாக வைத்து எண்ணுங்கள். குழந்தைக்கு 5, பெரியவருக்கு 10 வந்தால் 108-ஐ அழையுங்கள். முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு என்றால் எவ்வளவு சிறிதானாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். சுட்ட இடம் வெள்ளையாகவோ பழுப்பாகவோ மாறி, செருப்புத் தோல்போல் விறைத்து, தொட்டாலும் வலிக்கவில்லை என்றால் நிம்மதி அடையாதீர்கள். நரம்பு வரை வெந்துபோய்விட்டது என்று பொருள். மாவட்ட அரசு மருத்துவமனை முதல் உதவியைச் செய்து, தேவைப்பட்டால் பெரிய இடத்துக்கு அனுப்பும். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தனித் தீக்காயப் பிரிவே இருக்கிறது.

மாஸ்டர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆயிரத்து அறுநூறு லிட்டருக்கும் மேல் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரை வரை தூக்கி அடிக்கும். கேஸை மூடிவிட்டு, பெரிய தட்டால் சட்டியை மூடுங்கள், ஆறும்வரை திறக்காதீர்கள்.

கையைச் சுட்டுக்கொண்ட ஆள் மறுநாளே கட்டோடு அடுப்படிக்கு வந்து நிற்பதைப் பார்க்கிறோம். கூலி போய்விடும் என்ற பயம் எங்களுக்குப் புரிகிறது. வியர்வையில் ஊறிய கட்டில் கிருமி பெருகும், ஆறும் காயம் ஆழமாகும். ஒரு வாரக் கூலியைக் கொடுத்து அவரை வீட்டில் இருக்கச் சொல்லுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறோம். முதல் இரண்டு நாள் கையை நெஞ்சு உயரத்துக்கு மேல் தலையணையில் தூக்கி வைக்க வேண்டும். விரல்களைத் தனித்தனியாகக் கட்டச் சொல்லி, மணிக்கொரு முறை மடக்கி நீட்ட வேண்டும். வலிக்கிறதென்று மடக்கியே வைத்தால் தழும்பு சுருங்கி விரல் அப்படியே நின்றுபோகும். கரண்டி பிடிக்கும் கைக்கு அது பிழைப்பையே கெடுத்துவிடும். காய்ச்சல், கெட்ட வாடை, நாளாக ஆகக் கூடும் வலி, சுற்றிலும் பரவும் சிவப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த கட்டுத் தேதிக்குக் காத்திருக்காமல் வரச் சொல்லுங்கள். டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டாரா என்றும் கேளுங்கள்.

"சீழ் பிடிக்கும்" என்று முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி, கஞ்சி மட்டும் கொடுத்துப் பத்தியம் வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. புதுத் தோல் புரதத்திலிருந்துதான் உருவாகிறது. பத்தியம் இருந்தால் காயம் ஆறத் தாமதமாகும். மூன்று வாரத்தில் ஆறாத காயம் தடித்த தழும்பாக மாறும். அதனால் இரண்டு வாரம் தாண்டியும் ஆறவில்லை என்றாலே அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும். காயம் முழுதும் ஆறிப் புதுத் தோல் மூடிய பிறகு தினம் இரண்டு மூன்று முறை தேங்காய் எண்ணெய் தடவி, வட்டமாக அழுத்தித் தேய்த்துவிட வேண்டும். ஒரு வருடமாவது வெயில் படாமல் மூட வேண்டும். புதுத் தோல் அடுப்பு அனலுக்கும் எளிதில் கொப்பளிக்கும். திரும்பி வரும் ஆளை முதல் மாதங்களில் காய் நறுக்கும் பக்கம் உட்கார வையுங்கள்.

குழாய் போட்டு முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். நல்ல வெயில் நாளில் மதியம் இரண்டு மணிக்கு அதைத் திறந்து, சூட்டுத் தண்ணீர் போய்க் கை குளிர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அந்த வினாடிக் கணக்கைக் குழாய்க்கு மேலே சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள். அதன் கீழே: "20 நிமிடம் தண்ணீர். மாவு பூசாதே. 108."

இப்படிக்கு,
தீக்காயக் கட்டுப் பிரிவுச் செவிலியர்களும் மருத்துவர்களும்