கருவளம் என்றால் எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

'கருவளம் குறைகிறது' என்ற தலைப்பை உப்புவெளியில் ஒரு தேநீர்க்கடையில் ஒருவர் சத்தமாக வாசித்தார். "இந்தக் காலத்துப் பெட்டையளுக்குப் பிள்ளை தங்காது, எல்லாம் மருந்தடிச்ச சாப்பாடு" என்று பக்கத்து மேசை உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டது. செய்திக்குள் இருந்ததோ பிறப்புகள் குறைந்த கதை மட்டும்தான்.

குடித்தொகைக் கணக்கில் கருவள வீதம் என்பது பிறந்த பிள்ளைகளை வைத்துப் போடுவது. பெறும் ஆற்றலை அது அளப்பதில்லை. பிந்திக் கலியாணம் செய்தாலும், இரண்டோடு போதும் என்று நிறுத்தினாலும் வீதம் இறங்கும். சனத்தொகை குறையாமலிருக்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 பிள்ளை வேண்டும் என்பதும் இந்தக் கணக்கே. மருத்துவரிடம் போனால் அதே சொல் ஆற்றலைக் குறிக்கும். ஒரு வருடம் முயன்றும் கரு தங்காவிட்டால் பரிசோதனை செய்யச் சொல்வார்கள், அதுவும் இருவருக்கும். (நம் ஊரில் 'மலடி' என்ற சொல் புழங்கும் அளவுக்கு 'மலடன்' புழங்குவதில்லை, கவனித்தீர்களா?)

'வளம்' என்ற சொல்தான் ஆளைக் குழப்புகிறது. தம்பலகாமத்து வயலில் வளம் குறைந்தால் பசளை போடுவோம். அந்தப் பழக்கத்தில் வாசிப்பவர், பெண்ணின் உடம்பிலும் ஏதோ குறை என்றே நினைப்பார். செய்தி பிறப்பைப் பற்றியதென்றால் 'பிள்ளைப்பேறு குறைகிறது' என்றே தலைப்பிடுங்கள். கருவளத்தை மருத்துவப் பக்கத்துக்கு விட்டுவிடலாம்.

வாசகி,
திருகோணமலை