நாள் முழுக்கத் தையல், ஒரு சட்டையும் இல்லை

டொரன்டோ,
18 ஜனவரி 2026, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். பொங்கலன்று போனில் பேசியபோது ஒன்று கேட்டீர்கள்: "நாள் முழுக்கத் தைக்கிறேன் என்கிறாய், ஒரு சட்டையாவது முடிகிறதா?" நான் பஸ் வந்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பஸ் வரவில்லை. பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது. எழுதிவிட்டால் நீங்கள் நிதானமாகப் படித்துவிட்டுத் திட்டலாம். போனில் என்றால் பாதியிலேயே அம்மா பிடுங்கிக்கொண்டு "என்ன சமையல்?" என்று ஆரம்பித்துவிடுவாள்.

முடிவதில்லை, அப்பா. ஏழு மாதமாக ஒரு சட்டைகூட முடியவில்லை. தைத்துக் காட்டுவதுதான் என் வேலை. துணிக்கடையின் ஒரு மூலையில் நீளமான மேஜை, அதன்மேல் விற்பனைக்கு ஆறு மெஷின். வருகிறவர்களுக்கு முன்னால் ஒரு சாண் தைப்பேன், ஒரு வளைவு தைப்பேன், ஒரு பூ வேலை காட்டுவேன், நூலை வெட்டுவேன். அடுத்த ஆள் வந்ததும் திரும்பவும் அதே சாண், அதே வளைவு. சாயங்காலம் கடை மூடும்போது மேஜைக்கடியில் ஒரு பை நிறையத் துண்டுத் துணி சேர்ந்திருக்கும். எல்லாம் குப்பைக்கு. கத்தரி வெட்டில் விழுந்த கால் கஜத் துண்டைக்கூட எடுத்து வைத்து அண்டர்பேன்ட் பைக்கு உள்துணியாக்கிய உங்களிடம் இதை எப்படிச் சொல்வது?

கடை நகரத்தின் நடுவில், ஸ்பெடைனாவும் குயின் தெருவும் சந்திக்கும் பக்கத்தில் இருக்கிறது. அந்த வட்டாரமே துணிக்கடைகளுக்குப் பேர் போனது. ஸ்கார்பரோவிலிருந்து பஸ், பிறகு பாதாள ரயில், பிறகு டிராம் என்று ஒன்றரை மணி நேரம். மணிக்குச் சம்பளம். இந்த மாகாணத்தில் குறைந்தபட்சக் கூலி 17 டாலர் 60 சென்ட். எனக்கு அதைவிட ஒரு டாலர் அதிகம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, சாப்பிட அரை மணி விட வேண்டும் என்பது சட்டம். அந்த அரை மணிக்குச் சம்பளம் கிடையாது. குளிரைப் பற்றி எழுதவில்லை. எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள்.

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். மின்சார மெஷினுக்குக் கீழே ஒற்றைப் பெடல். வலது கால் நுனியால் மெதுவாக அழுத்தினால் போதும். நானோ இரண்டு காலையும் தூக்கி வைத்து, குதிகால், முன்கால் என்று நம் வீட்டு மெஷினை மிதிப்பதுபோல் மிதித்தேன். மெஷின் பாயும், நிற்கும், பாயும், நிற்கும். எதிரில் உட்கார்ந்திருந்த பெண் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டார். மறுநாள் காலை வந்தவுடன் எண்ணெய் எங்கே என்று கேட்டேன். நீங்கள் சாமி கும்பிடுவதற்கு முன்னால் மெஷினுக்கு எண்ணெய் விடுவதைப் பார்த்து வளர்ந்தவள்தானே. "இந்த மாடலுக்கு எண்ணெய் விடக் கூடாது, புத்தகத்தைப் படி" என்றார் மேலாளர். எண்ணெய் கேட்காத மெஷினை எனக்கு இன்னும் முழுதாக நம்ப முடியவில்லை.

பழக வேண்டியிருந்த இன்னொன்று வேகம். மீனாட்சி கோயிலுக்கு எதிரே நம் கடை இருந்த புது மண்டபத்தில் வெள்ளைக்காரர்கள் காலையில் ஒரு சட்டையைக் கொடுத்து, கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் அதேபோல் இன்னொன்றை வாங்கிப் போவார்களே, அந்த வேகம்தான் என் கையில் இருந்தது. இங்கே அது உதவாது. வேகமாகத் தைத்தால் "இவளுக்கு வரும், நமக்கு வராது" என்று எழுந்து போய்விடுகிறார்கள். தெரிந்த கையைத் தெரியாத கைபோல் நடக்க வைக்க வேண்டும். பேசிக்கொண்டே, அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, விரல் ஊசிக்கு அடியில் போகாமல் தைக்க வேண்டும்.

கடை எனக்குக் கொடுக்கும் துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கை அகலத்துக்கு வெட்டி அடுக்கிய பருத்தித் துணி. கையில் எடுத்து ஆட்டினால் அட்டைபோல் சத்தம் வரும், அவ்வளவு விறைப்பு. அதில் எந்த மெஷினும் முத்துப் போலத் தைக்கும். கஞ்சி போட்ட துணியில் காப்பி வாங்கி வரும் பையன்கூடத் தைப்பான், ஜார்ஜெட்டில் தைத்துக் காட்டு என்பீர்களே, அது எனக்குத் தினமும் நினைவு வரும். வீட்டுக்குக் கொண்டுபோனால் யாரும் கஞ்சித் துணியைத் தைக்கப்போவதில்லை. அதனால் என் இழுப்பறையில் ஒரு ஜார்ஜெட் துண்டு, ஒரு பழைய ஜீன்ஸ் கால், நீண்டு சுருங்கும் டீ-ஷர்ட் துணி கொஞ்சம் வைத்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை, மகனுடைய கிழிந்த டீ-ஷர்ட்டையே கைப்பையிலிருந்து எடுத்தார் ஒரு பெண்மணி. மெஷினில் இருந்தது சாதாரண ஊசி. வேண்டுமென்றே மாற்றாமல் தைத்தேன். நாலு தையல் விழுந்தது, ஒன்று விட்டுப்போயிற்று. மூன்று விழுந்தது, இரண்டு விட்டுப்போயிற்று. பின்னால் நின்ற மேலாளரின் மூச்சு எனக்குக் கேட்டது. பிறகு ஊசியைக் கழற்றி, முனை மழுங்கலாக இருக்கும் 11-ஆம் எண் ஊசியைப் போட்டேன். கூர் ஊசி பின்னல் இழையைக் குத்துகிறது. மழுங்கல் ஊசி இழையை ஒதுக்கிவிட்டு நடுவில் இறங்குகிறது. அதே துணி, அதே நூல், ஒரு தையல் தப்பவில்லை. அந்தப் பெண்மணி துணியை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நன்றி சொன்னார், ஐந்து ஊசி உள்ள பாக்கெட் ஒன்றை வாங்கிக்கொண்டு போய்விட்டார். "மெஷின் விற்க உட்கார வைத்தால் ஊசி விற்கிறாய்" என்றார் மேலாளர். ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்மணி திரும்பி வந்து பெரிய மெஷினாக வாங்கினார் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். வரவில்லை.

பாதி நாள் இப்படித்தான் போகிறது. வீட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், அடியில் நூல் கூடு கட்டுகிறது, அடி நூல் சுற்றும் பாபின் கெட்டுவிட்டது என்பார்கள். பாபினில் ஒன்றும் இருக்காது. மேல் நூலைக் கோக்கும்போது, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டை இறக்கி வைத்திருப்பார்கள். ஃபுட் கீழே இருந்தால் நூலை இறுக்கும் டென்ஷன் தட்டு மூடிக்கொள்ளும், நூல் உள்ளே உட்காராமல் மேலேயே ஓடும். ஃபுட்டைத் தூக்கிவிட்டுத் திரும்பக் கோத்துக் கொடுத்தால் நான் ஏதோ மந்திரம் போட்டதுபோல் பார்க்கிறார்கள்.

யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் வந்தார். "பிள்ளை, ஊரில் இருக்கிற தங்கச்சிக்கு ஒன்று அனுப்ப வேண்டும்" என்று நல்ல விலையில் ஒரு மெஷினைத் தொட்டுக் காட்டினார். இங்கே மின்சாரம் 120 வோல்ட், அங்கே 230. போய் நேராகச் சொருகினால் அன்றைக்கே எரிந்துவிடும், அங்கேயே வாங்கிக் கொடுங்கள் என்றேன். தமிழில் சொன்னதால் மேலாளருக்குப் புரியவில்லை. தாய்மொழியால் இப்படியும் ஒரு சௌகரியம்.

இந்த வேலை ஒன்றும் புதிதில்லையாம். சிங்கர் கம்பெனி தொடங்கிய காலத்திலேயே, 1850-களில், நியூயார்க் கடையில் பெண்களை உட்கார வைத்துத் தைத்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். மெஷின் என்றால் பெண்ணுக்கு வராது என்று ஊர் சொன்னதற்கு அதுதான் பதில். 1856-இல் தவணை முறையையும் கொண்டுவந்திருக்கிறார்கள். மாதா மாதம் தவணைக்காரரைக் கண்டு நீங்கள் தூணுக்குப் பின்னால் போனதெல்லாம் அங்கே ஆரம்பித்த கதைதான். காந்தி 1921-இல் நம் மதுரையில் தைத்த சட்டையை விட்டார். 1924-இல் இயந்திரங்களைப் பற்றிப் பேசும்போது சிங்கர் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். உங்கள் கடை நண்பர்களிடம் சொல்லுங்கள், புது மண்டபத்திலிருந்து கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியதிலிருந்து பேச்சுக்கு விஷயமே இல்லை என்றீர்களே.

இங்கே துணியை மீட்டரில்தான் வெட்டுகிறார்கள். ஆனால் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் பாட்டிகள் இன்னும் அங்குலத்தை விடவில்லை. கால் அங்குலம் உள்ளே விட்டுத் தைக்கிறார்கள், ஒரு நூல் கூடினாலும் பிரிக்கிறார்கள். பிள்ளை வளரும் என்று ஓர் அங்குலம் உள்ளே மடித்து விடும் உங்கள் கணக்கை ஒரு பாட்டிக்குச் சொன்னேன். போர்வை வளராதே என்றார்.

கடைசியாக, கேட்க வந்த விஷயம். சட்டைப் பொத்தான் துளைக்குக் காஜாவும் எங்கள் மெஷினே எடுக்கும். பொத்தானை ஃபுட்டின் பின்னால் செருகிவிட்டால் அளவை அதுவே எடுத்துக்கொண்டு, ஒரு பக்கம் இறங்கி, அடியில் கட்டுப் போட்டு, மறுபக்கம் ஏறி நிற்கும். ஒரு நிமிடம்கூட ஆகாது. மேஜையில் கூட்டம் சேர்வதே இதற்குத்தான். ஒரு நாள், எங்கள் ஊரில் இதைக் கையாலேயே எடுப்பார்கள், என் அப்பா ஒன்பது வயதில் காஜாப் பையனாகத்தான் தொழிலுக்கு வந்தார் என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு நெருக்கமாகக் கையால் வராது என்று ஒரு பாட்டி அடித்துச் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது, காட்டிக்கொள்ளவில்லை.

இங்கிருந்து ஒரு குடும்பம் மாசியில் மதுரைக்கு வருகிறது. அம்மாவின் மெஷினுக்கு ஊசி இரண்டு பாக்கெட் கொடுத்துவிடுகிறேன். அவர்கள் திரும்பும்போது, வெள்ளைத் துணியில் கறுப்பு நூலால் ஒரே ஒரு காஜா எடுத்துக் கொடுத்தனுப்புங்கள். சட்டை அளவு போதும். கண் ஒத்துழைக்காவிட்டால் பகல் வெளிச்சத்தில் வாசலில் உட்கார்ந்து எடுங்கள், இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை. மேஜையில் மெஷின் காஜாவுக்குப் பக்கத்தில் குத்தி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகள்